சித்தப்பாவின் சிவப்பு ரிப்பன்

என் சித்தப்பா மலை வழிகாட்டி. "இந்த மேட்டுநிலம் எனக்கு உள்ளங்கை மாதிரி. நீங்க குப்பை மட்டும் போடாதீங்க, ஒரு நூல்கூட கிடக்கக் கூடாது" என்று நடக்க வருபவர்களிடம் முழங்குவார். பிறகு வழி மறக்காமலிருக்க, யாரும் கவனிக்காதபடி புதருக்குப் புதர் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டே போவார். பதினைந்து வருஷமாக இதே பிழைப்பு.

நேற்று திரும்பும்போது பனிமூட்டம் இறங்கியது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே தட்டை. இருட்டுவதற்குள் இறங்காவிட்டால் குளிரில் விறைக்க வேண்டியதுதான். ரிப்பன் ஒன்றைக்கூடக் காணோம்.

நடக்க வந்தவர்களில் கடைசி ஆளாக வந்த டீச்சரம்மா பையைத் திறந்து காட்டினார். "நீங்க சொன்னபடி எல்லாத்தையும் பொறுக்கிட்டேன் சார்."

சித்தப்பாவின் முகம் வெளுத்தது. "எங்கெங்க எடுத்தீங்கன்னு ஞாபகம் இருக்காம்மா?"

டீச்சரம்மா முன்னால் நடக்க, எல்லோரும் பத்திரமாகக் கீழே வந்து சேர்ந்தார்கள்.

"அந்தம்மாவுக்கு இன்னிக்கு மலைவழி கத்துக்குடுத்தேன்" என்றார் சித்தப்பா வீட்டில்.

"ஆமா, கிழிச்சீங்க" என்று சித்தி மீதி ரிப்பனைக் குப்பைக்கூடையில் போட்டாள்.