ஆறு டம்ளர் ரோஸ்மில்க்

பிரியாணித் தேக்சாவின் விளிம்பில் கரண்டியால் மூன்று முறை தட்டும் சத்தம் கேட்டால், காசிமேட்டுக்குப் பின்னாலிருந்த எங்கள் சந்து முழுக்கத் தெரிந்துவிடும், பேபியக்கா தம் உடைத்துவிட்டார் என்று. மூடிமேல் கிடந்த கரித்துண்டுகளை ஒதுக்கி, ஓரத்தில் சுற்றிய ஈரத்துணியை உருவி மூடியைத் தூக்கும்போது எழும் புதினா ஆவி, கடற்காற்றில் எப்போதும் கலந்திருக்கும் கருவாட்டு வாசனையைக்கூடக் கொஞ்ச நேரம் தள்ளி வைத்துவிடும்.

பேபியக்கா கல்யாணங்களுக்கு மட்டும் சமைத்தவர் அல்ல. சாவு வீடுகளுக்குச் சொல்லி அனுப்பாமலே அடுப்பு வைக்கப் போவார், கூலி பேச மாட்டார். புயல் மழையில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தால், அவருடைய பெரிய தேக்சா பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். தண்ணீர் வடியும்வரை அங்கே கஞ்சிதான். எங்கே சமைத்தாலும் கடைசியில் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சந்து முழுக்க ஒரு சுற்று வருவார். பிரசவித்தவள், படுத்திருப்பவர், கோபித்துக்கொண்டு வராதவர் என்று ஒரு வாசல் விடாமல் நின்று "துன்னியா?" என்று கேட்பார். இல்லை என்றால் அந்த வாசலுக்குத் தட்டு வந்துவிடும்.

எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். ஆட்கள் முன்னால் சாப்பிடுவது என்றால் எனக்குக் கை ஓடாது. அதிலும் கல்யாணப் பந்தியில், நாம் பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த பந்திக்காரர் வந்து நம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவருடைய மூச்சு நம் பிடரியில் படும். நான் ஒவ்வொரு பருக்கையாக எடுப்பவன். அந்த மூச்சுக்குப் பயந்தே பல கல்யாணங்களில் பந்திப்பக்கம் போகாமல் இருந்திருக்கிறேன்.

அந்த வருடம் ஆனி மாதத்தில் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பகல் கல்யாணம். வழக்கம்போலப் பேபியக்கா பிரியாணி. பந்தல் வாசலில் ஒரு டிரம் நிறைய ரோஸ்மில்க் கலக்கி வைத்திருந்தார்கள், அதைக் கம்பத்தோரம் நின்று யார் கண்ணிலும் படாமல் குடிக்கலாம் என்பதால் நான் ஆறு டம்ளர் குடித்தேன். எல்லாம் முடிந்து சுற்று வந்த பேபியக்கா என்னைப் பார்த்து "துன்னியாடா?" என்றார். தலையைக் குனிந்துகொண்டு, "துன்னுட்டேன்க்கா" என்றேன்.

மறுநாள் விடிவதற்குள் சந்தில் பாதிப் பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். நானும் இரண்டு நாள் சுருண்டு கிடந்தேன். யாருக்கும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மூன்றாம் நாள் குழாயடியில் பேச்சு வேறு மாதிரி திரும்பியது. கறி பழசாம், தேக்சாவுக்குள் பூரான் கிடந்ததாம், கையில் வரும்படி கூடியதும் பேபிக்குக் கவனம் போய்விட்டதாம். விருந்தில் வயிறு கெட்டால் கறியைச் சொல்வதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். பேசியிருந்த இரண்டு கல்யாணங்கள் கைமாறிப் போயின. பேபியக்கா வீட்டு வாசலில் தேக்சாக்கள் கவிழ்ந்தே கிடந்தன.

ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றிய மறுநாள் தெருவுக்கே கறிச்சோறு போடுவோம். எத்தனையோ வருடமாக அது பேபியக்கா கை. இந்த முறை பெரம்பூரிலிருந்து வேறு ஆளை அழைக்கலாமா என்று பேச, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் முன்னால் எல்லோரும் கூடினார்கள். தெருச்சோறும் கையை விட்டுப் போனால் அதற்குமேல் யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள் என்பது எனக்கே புரிந்தது. பேபியக்கா ஓரமாக நின்று, "நானும் அதே தேக்சால தான் துன்னேன். அதுக்கு மேல இன்னா சொல்றதுன்னு எனக்குத் தெரியல" என்று மட்டும் சொன்னார்.

அப்போது என் அம்மா எழுந்தாள். அவளுக்குப் பேபியக்காமேல் பகை எதுவும் இல்லை, என்னை நினைத்துப் பயந்து போயிருந்தாள், அவ்வளவுதான். "எம்புள்ள ரெண்டு நாளு கண்ணத் தொறக்கல. அது பொய்யா? நீயே சொல்லு பேபி" என்றாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தனை கண்கள் ஒரே நேரத்தில் என்மேல் விழுந்தது அதுவரை நடந்ததில்லை. வாயைத் திறந்தால் பேபியக்காவிடம் நான் சொன்ன பொய்யும் வெளியே வரும், என் கூச்சத்தைத் தெருவே சொல்லிச் சிரிக்கும். திறக்காவிட்டால் நான் படுத்துக் கிடந்ததே அவருக்கு எதிரான சாட்சியாக நின்றுவிடும். அம்மாவின் முந்தானையை இழுத்து, "நான் துன்னவே இல்லமா" என்றேன்.

"பின்ன இன்னாத்தடா துன்ன?"

"ரோஸ்மில்க்குமா. ஆறு டம்ளரு."

யாரோ சிரித்தார்கள். சர்க்கரை வியாதிக்காரரான மேஸ்திரித் தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. தான் பிரியாணி இரண்டு தட்டு சாப்பிட்டதாகவும், சர்க்கரைக்குப் பயந்து ரோஸ்மில்க்கைத் தொடவே இல்லை என்றும், தனக்கு ஒரு ஏப்பம்கூடத் தப்பாக வரவில்லை என்றும் நிதானமாகச் சொன்னார். அதன்பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் கணக்கைச் சொல்லத் தொடங்கினார்கள். படுத்தவர்கள் எல்லோரும் டிரம்மைச் சுற்றி நின்றவர்கள்தான்.

பின்வரிசையிலிருந்து என் நைனா எழுந்தார். மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுவது அவர் வேலை. "அன்னிக்கு ரோஸ்மில்க்குக்கு ஐஸு தீந்துபோச்சின்னாங்க. நான்தான் படகுல மீனுக்குப் போட வெச்சிருந்த பாளத்துல ரெண்ட கோணியில சுத்திக்கினு வந்து டிரம்முல ஒடச்சிப் போட்டேன்" என்றார். "மேல நல்லாக் கழுவிதான் போட்டேன். ஐஸு ஐஸுதானேன்னு நெனச்சிட்டேன் பேபி. என்ன மன்னிச்சிடு."

மீனுக்குப் போடும் ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று அன்றுவரை எங்கள் சந்தில் யாரும் யோசித்ததில்லை. அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். பேபியக்கா நைனாவை ஒரு வார்த்தை ஏசவில்லை. நேராக என்னிடம் வந்து உட்கார்ந்தார். பொய்யைப் பற்றிக் கேட்பார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்ப அன்னிக்கு முழுக்க பட்டினியாவாடா கெடந்த? நான் ஆக்குன கல்யாணத்துல?" என்றார். அதைச் சொல்லும்போதுதான் அவருக்குக் கண் கலங்கியது.

ஆடிச் சோறு அவரே சமைத்தார். கரண்டியால் மூன்று தட்டு தட்டியதும் சந்தே ஓடியது. என்னை முதல் பந்தியில் உட்கார வைத்து, வேறு யாரும் வந்து நிற்காதபடி என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அவரே நின்றார். நான் ஒவ்வொரு பருக்கையாகச் சாப்பிட்டு முடித்தேன். அன்றிலிருந்து அவர் சுற்று வரும்போது "துன்னியா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இன்னாத்த துன்ன?" என்று கேட்கத் தொடங்கினார். அதற்குத் தலையாட்டித் தப்பிக்க முடியாது. சோறு, கத்திரிக்காய், தால்சா என்று வரிசையாகச் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு நானும் துறைமுக வேலைக்குப் போய், இப்போது ஐம்பதைத் தொட்டுவிட்டேன். போன தை மாதம் திருவொற்றியூரில் ஒரு மண்டபத்தில் என் மகள் கல்யாணம். வெளியாட்கள் அடுப்பு வைக்க அங்கே அனுமதி இல்லை. மண்டபத்துச் சமையல்காரர்களே வரிசையாகப் பாத்திரங்களை அடுக்கிவிட்டார்கள், அவரவர் எடுத்து நின்றுகொண்டே சாப்பிட வேண்டியதுதான். தேக்சாவைத் தட்டும் சத்தம் இல்லை. பிடரியில் மூச்சு விட யாரும் இல்லை, என்னைப் போன்ற ஆளுக்கு நியாயமாக அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் மணி நாலாகியும் பெண்ணைப் பெற்றவன் சாப்பிட்டானா என்று ஒருவரும் கேட்கவில்லை.

முட்டி வலியால் அடுப்பை மகளிடம் விட்டுவிட்ட பேபியக்கா, கைத்தடியோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கடந்து போன என்னைத் தடியால் தடுத்து நிறுத்தினார்.

"இன்னாத்த துன்ன?"

பழக்கத்தில் வாய் வரை வந்த பொய்யை விழுங்கிக்கொண்டு, "இன்னும் ஒண்ணியும் இல்லக்கா" என்றேன்.

தன் மகளை அனுப்பி ஒரு தட்டு வரவழைத்தார். பக்கத்து நாற்காலியில் என்னை உட்கார வைத்து, எழுந்து நிற்க முடியாததால், தன் கைத்தடியை என் நாற்காலியின் முதுகில் மாட்டி வைத்தார். நான் மெதுவாகச் சாப்பிடத் தொடங்கினேன்.