மாலை போட்ட புல்வெட்டி வண்டி

டாக்குரியா பாலத்தின் மேல் நடந்துகொண்டிருந்தேன். உள்ளங்கையில் ஒரு துண்டுப் பட்டி இருந்தது. துருப்பிடித்த இரும்பில் ஓட்டையை அடைக்கப் பூசுவார்களே, அந்தப் பட்டி. காய்ந்து, மேலே அடித்த பச்சைப் பெயிண்டோடு பெயர்ந்து வந்திருந்தது. பின்னால், ரயில் லைனை ஒட்டிய ஷெட்டிலிருந்து யாரோ இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று விஸ்வகர்மா பூஜை. வானம் முழுக்கப் பட்டம். மொட்டைமாடிகளில் எல்லோரும் அண்ணாந்து நின்றதால், வேலையைத் தொலைத்துவிட்டுப் போகிறவனைக் கவனிக்க ஆளில்லை. அது எனக்கு வசதியாகவே இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. ஓர் அரசு நிறுவனத்தின் குடியிருப்புக் காலனியில் நான்கு வருடமாகத் தினக்கூலிக்குப் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். என்னைச் சேர்த்துவிட்டவர் காலனி சூப்பிரண்டெண்ட், திருநெல்வேலிக்காரர். ஐந்தாம் வகுப்போடு திண்டுக்கல்லை விட்டு ஓடி, விசாகப்பட்டினம், கரக்பூர் என்று கிடைத்த இடத்தில் படுத்து எழுந்து வந்தவனை, தமிழ் பேசுகிறான் என்ற ஒரே காரணத்துக்காக உள்ளே விட்டார். தீபாவளிக்குத் தன் சட்டையில் ஒன்றைத் தருவார். யார் கண்ணிலும் படாமல் தருவார். அவரைக் கெட்டவர் என்று இன்றும் சொல்ல மாட்டேன். யாரிடமும் முகம் முறிக்கத் தெரியாதவர், அவ்வளவுதான்.

காலனி மைதானம் பெரியது. தள்ளுகிற மெஷினோடு ஒரு முனையில் தொடங்கி மறுமுனை போய்ச் சேர்வதற்குள், மழை பெய்து, தொடங்கிய இடத்தில் புல் கணுக்காலைத் தொடும். துர்கா பூஜைக்குப் பந்தல் போடுமுன், உட்கார்ந்து ஓட்டும் பழைய வண்டி ஒன்றை வாங்கிவிடக் கமிட்டி முடிவு செய்தது. வண்டி வந்தால் டிரைவர் வேண்டும். டிரைவர் என்றால் நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸில் ஓர் அறை. அது உனக்குத்தான் என்று சூப்பிரண்டெண்ட் சொல்லியிருந்தார். முப்பத்தைந்து வயதுவரை, பூட்டிவிட்டுப் போக எனக்கென்று ஒரு கதவு இருந்ததில்லை.

பழைய வண்டிகளைச் சரிசெய்து விற்கும் அந்த ஷெட்காரர் சூப்பிரண்டெண்டையும் என்னையும் வரச் சொன்னது விஸ்வகர்மா பூஜை அன்று. அன்றைக்குப் பட்டறைகளில் எந்த மெஷினையும் ஓட்ட மாட்டார்கள். கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டு ஓய்வு கொடுப்பார்கள். வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. புதுப் பெயிண்ட், புது சீட், ஸ்டியரிங்கில் சாமந்தி மாலை. ஷெட்காரர் எங்கள் கையில் பிரசாதத்தைக் கொடுத்துவிட்டு, இன்று ஸ்டார்ட் பண்ணக் கூடாது, கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சிரித்தார். வருடத்தில் இந்த ஒரு நாளைத் தேடிப் பிடித்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. சூப்பிரண்டெண்ட் சீட்டை அமுக்கிப் பார்த்துத் தலையாட்டினார். சீட்டைப் பார்க்க எல்லோருக்கும் வரும். ஓட்டப்போகிறவன் அடியைப் பார்க்க வேண்டும். முன்சக்கரத்தை ஆட்டினேன், பரவாயில்லை. பெல்ட் புதுசு. பிறகு தரையில் மல்லாந்து படுத்து, பிளேடுகளைத் தாங்கும் இரும்புத் தட்டின் அடியில் கைவிட்டேன். "ஆஜ்கே ஹாத் திதே நேய்," இன்றைக்குத் தொடக் கூடாது என்று வங்காளியில் கத்தியபடி ஷெட் ஆள் ஒருவன் என் காலைப் பிடித்து இழுத்தான். இழுத்த இழுப்பில், விரல் அழுத்தியிருந்த இடமே கையோடு வந்துவிட்டது. பிளேடின் தண்டைச் சுற்றி இரும்பே இல்லை, எல்லாம் பட்டி. ஓடும் வேகத்தில் அந்தப் பிளேடு கழன்றால், மைதானத்தில் விளையாடும் பிள்ளைகளின் கால் உயரத்தில்தான் பறக்கும்.

சூப்பிரண்டெண்ட் என்னைத் தனியே கூட்டிப்போனார். கமிட்டிக்குக் காட்ட டைப் அடித்த தாள் ஒன்றைத் தயாராக வைத்திருந்தார். ஓட்டிப் பார்த்தேன், நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதி, கீழே என் பெயர்.

"நாம பொழைக்க வந்த இடம்லே இது. அவங்க சாமியில கை வச்சு வம்பு பண்ணாத."

"சாமியில வைக்கல சார். தட்டுலதான் வச்சேன்."

"வெல்டிங் அப்புறம் அடிச்சுக்கலாம். கையெழுத்தப் போடு, நாளைக்கே நீ டிரைவர். போடலன்னா வராத."

"ஓட்டாத வண்டிய ஓட்டினேன்னு எப்படி சார் போடுவேன்?"

அவர் பேனாவை நீட்டியபடியே நின்றார். நான் நடந்தேன். வெளியிலேயே கிடந்து பழகியவனை, வெளியே போ என்று சொல்லிப் பயமுறுத்த முடியாது. அதன் பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்தத் தாளை இன்றைக்கு நீட்டினாலும் போட மாட்டேன்.

கரியாஹாட் வழியாக நடந்து, நம் ஊர்க்காரர்கள் சாமான் வாங்க வரும் லேக் மார்க்கெட் போய்ச் சேர்ந்து, ஒரு கடை வாசலில் படுத்தேன். மறுநாள் காலை, தேங்காய் லாரி இறக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார் அந்தக் கடைக்காரர். சட்டையைக் கழற்றிவிட்டு லாரியின் பின்புறம் போய் நின்றேன். எட்டு மணி இருக்கும், சூப்பிரண்டெண்ட் பையோடு வந்தார். என்னைப் பார்த்ததும் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், குவியலிலிருந்து ஒரு காயை எடுத்து என்னிடம் நீட்டினார். ஆட்டிப் பார்த்தேன், தண்ணீர்ச் சத்தம் இல்லை. வேறு ஒன்றைக் கொடுத்தேன். அதைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வண்டி வேண்டாம்னு நேத்தே கமிட்டியில சொல்லிட்டேன்," என்றார், பையைப் பார்த்தபடி. "வண்டியே இல்ல, டிரைவர் எதுக்குன்னு கேட்டுட்டாங்க. தள்ளுற மெஷின் அப்படியேதான் கெடக்கு. வாரியாலே?"

"இங்க யாரும் கையெழுத்துக் கேக்கல சார்," என்று சொல்லிவிட்டு, அடுத்த மூட்டைக்கு முதுகைக் கொடுத்தேன்.