மூன்றாவது எழுத்து

"...அப்ப அந்த மூண்டாவது எழுத்து வில்லை அடிச்சவரின்ரை மனுசியின்ரையோ, அண்ணை?" என்று கேட்டார், நான் தங்கச்சி என்று கூப்பிடும் கடைக்காரரின் மனைவி. சமையலறை வாசலில் மாக் கையோடு நின்றார்.

"ஓம்," என்றேன். அதைச் சொல்லத்தான் லண்டன் டூட்டிங்கில் இருக்கும் அவர்களுடைய சாப்பாட்டுக் கடைக்குப் போயிருந்தேன்.

முந்நூறு, நானூறு வருடங்களுக்கு முன் லண்டனில் சில்லறைக்குப் பெரிய தட்டுப்பாடு. மெழுகுதிரி விற்றவரும் தவறணை என்ற சாராயக் கடை வைத்திருந்தவரும் தங்கள் பெயரிலேயே பித்தளை வில்லை அடித்து மிச்சக் காசாகக் கொடுத்தார்களாம். அப்படி ஒன்றை மியூசியத்தில் பார்த்தேன். ஒரு பக்கம் கடற்கன்னி, மறுபக்கம் மேலே ஓர் எழுத்து, கீழே இரண்டு. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட எனக்குப் படித்தவன் மாதிரிப் பேச ஆசை அதிகம். "பாட்டன், தகப்பன், பிள்ளை. எங்கடை இனிஷல் மாதிரித்தான்" என்று கடையில் வந்து அளந்துவிட்டேன்.

கடைக்காரர் உருகிப்போனார். வாடிக்கையாக வருபவருக்கு ஒரு வில்லை, அதைத் திருப்பித் தந்தால் கிழங்குக் கறி சுற்றிப் பொரித்த ரோல்ஸ் ஒன்று என்று திட்டம் போட்டு, குட்மேய்ஸில் திறப்பு வெட்டும் சாவிக்கடையில் செய்வித்தார். அவருடைய பாட்டன், தகப்பன், அவர். மூன்று எழுத்தோடு இடம் நிறைந்துவிட்டது. கடை வருவதற்கு முன்பே வீட்டு அடுப்பில் ரோல்ஸ் பொரித்து, கோயில் வாசலில் விற்று, ஆட்களைச் சேர்த்தது தங்கச்சிதான். எனக்கு அது தெரியும். தெரிந்தும் அன்றைக்கு வாய் திறக்கத் தோன்றவில்லை.

போன கிழமை மியூசியத்துக்கு மறுபடி போய், கண்ணாடிக்குக் கீழே எழுதியிருந்ததை இந்த முறை கடைசிவரை வாசித்தேன். மேலே குடும்பப் பெயர். கீழே புருசன், பெண்சாதி.

"அந்தக் காலத்து வெள்ளைக்காரன் மனுசிக்குப் பயந்தவன் போல," என்று கல்லாவில் நின்ற கடைக்காரர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "பிழை என்ரை, தங்கச்சி. வடிவாய் வாசிக்காமல் சொல்லிப்போட்டன். புதுசா அடிப்பிப்பம்."

"எழுத்தை ஆறுதலாப் பிறகு அடிக்கலாம், அண்ணை," என்றார் தங்கச்சி. ஏப்ரனைக் கழற்றிப் புருசனின் தோளில் போட்டார். "இஞ்சாருங்கோ, எண்ணெய் காயுது. போய் ரோல்சைப் போடுங்கோ."

கடைக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார். தங்கச்சி கையைத் துடைத்துவிட்டுக் கல்லாவுக்குப் பின்னால் போய் நின்று, காத்திருந்த வாடிக்கையாளரிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்.