கொடியில் கிடந்த துண்டு

குற்றாலத்தில் எங்கள் வீட்டு மாடி அறைகளைச் சீசனில் குளிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவோம். மாசியில் அருவி வெறும் பாறையாகக் கிடக்கும், யாரும் வரமாட்டார்கள். இரண்டு வருடங்களுக்கு முன் அப்படியொரு மாசியில்தான் ஆறு பேர் ஒரு கேமராவோடு வந்து இறங்கினார்கள். இயக்குநர் எங்கள் பின்தெருப் பெண். சிறுவயதிலிருந்தே என் மனைவியோடு அடுக்களையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். எங்களை மாமா, அத்தை என்றுதான் கூப்பிடுவாள். அவள் படமெடுக்க வந்தபோது என் மனைவி உயிரோடு இல்லை.

நான் கல்லூரியில் இலக்கியம் நடத்தியவன் என்பதால் திரைக்கதையை என்னிடம் படிக்கக் கொடுத்தாள். ஒரு விடுதிக்காரன், அவன் மனைவி, மாடியில் தங்க வரும் ஒருவன். துணி காயும் கொடியில் அந்த மூன்றாமவனின் துண்டு மூன்று முறை வரும். முதலில் காற்றில் ஆடும். பிறகு நீர் சொட்டும். கடைசியில் அதில் ரத்தம் இருக்கும்.

"கொலையக் காட்டவே போறதில்ல மாமா. துண்டுதான் எல்லாத்தையும் சொல்லணும்" என்றாள். "நம்ம பட்ஜெட்டுக்குக் கொலையவிடத் துண்டு சல்லிசு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு சீசனில், மாடியில் தங்கியிருந்த ஒருவரின் சிவப்புக்கரைத் துண்டு எங்கள் கொடியில், என் மனைவியின் சேலையோடு ஒட்டிக் கிடந்ததைப் பார்த்தேன். அந்தச் சீசன் முடியும்வரை அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மலைக் கணவாய் வழியே வரும் சீசன் காற்று மாடித் துணியைக் கீழே கொண்டுவந்து போடும் என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆடி மாதம் காலையானால் "இது யாரு துண்டு?" என்று தெருவே குரல் கொடுக்கும். தெரிந்திருந்தும் சந்தேகப்பட்டேன். நான் பேசாததன் காரணம் தெரியாமலே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று நம்பித்தான் நிம்மதியாக இருந்தேன்.

"இந்தத் துண்டு விஷயம் எங்க கெடச்சுது?"

"கதைதான மாமா" என்று சொல்லிவிட்டு அவள் கேமரா பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதன்பின் எனக்கு எல்லாமே சாட்சியாகத் தெரிந்தது. ரப்பர் குழாயில் மழை பெய்ய வைத்தபோது, "மாமா, சன்னல் பக்கம் நிக்காதிய, படத்துல விழுதிய" என்றாள். என் முகத்தைத்தான் வேவு பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

துண்டைத் தயார் செய்தவர் ஆலங்குளத்தில் போர்டு எழுதுகிற ஒருவர், நாற்பது வயதிருக்கும். ரத்தக் கறை மறுபடி அதேபோல் வராது என்பதால் அதற்கு மாற்றுத் துண்டு கிடையாது. துண்டு மூன்றாவதாக வரும் காட்சிக்கு முந்திய விடியலில், எல்லாரும் டீக்கடைக்குப் போயிருந்தபோது, அதைக் கொடியிலிருந்து உருவி வெந்நீர் அடுப்பில் திணித்தேன்.

"ஒரு துண்டப் பாத்துக்கத் துப்பில்லையா அண்ணாச்சி?" என்று அவள் அவரிடம் கத்தினாள். அவர் பக்கத்து மாடிகளிலெல்லாம் ஏறித் தேடினார். "காத்தே இல்லையே, எங்கன போயிருக்கும்?" என்று முனகிக்கொண்டே என்னிடம் வந்தார். "நீங்க பாத்தியளா அண்ணாச்சி?"

"இல்லை" என்றேன்.

மத்தியானம் அவரைப் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அவள் வெறும் கொடியையும் அதில் மாட்டியிருந்த ஒரு கிளிப்பையும் எடுத்துக்கொண்டாள்.

இந்த ஆடியில் முடித்த படத்தை லேப்டாப்பில் கொண்டுவந்து காட்டினாள். கடைசியில் அந்த வெறும் கொடி வந்தது. அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"துண்டு விஷயத்த அத்தை சொன்னாளா?"

"ஆமா மாமா."

"நான் ஏன் பேசாம இருந்தேன்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? ‘மனுசன் வாயத் தொறந்து கேப்பாருன்னு பாத்தேன், கேக்கவே இல்லட்டி’ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாவ." படத்தை நிறுத்தினாள். "ஆஸ்பத்திரியில இருக்கும்போது ஒரு தடவ சொன்னாவ. அன்னைக்குச் சிரிக்கல."

அப்போதுதான் துண்டை எரித்ததைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. லேப்டாப்பை மூடினாள்.

"நான் அன்னைக்கு அந்த அண்ணாச்சிய என்னென்ன பேசினேன்! அதுக்கப்புறம் என் போனையே எடுக்க மாட்டேங்காரு. உங்க போனத் தாங்க."

நம்பரைப் போட்டு என் கையில் கொடுத்தாள். அந்தப் பக்கம் பஸ் சத்தம் கேட்டது. நான் யார் என்பதையும் செய்ததையும் சொன்னேன். மன்னிக்க வேண்டும் என்றேன்.

"ரத்தக் கறைக்காக டீத்தண்ணியில மூணு தடவ முக்கிக் காய வச்ச துண்டு அண்ணாச்சி அது" என்றார் அவர். "அன்னைக்கு உங்களத்தான கேட்டேன்?"