வடிக்காத தண்ணீர்

அண்ணி வேலை பார்த்தது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஓட்டல் படுக்கை விரிப்புகளுக்கு நாள் முழுக்க இஸ்திரி போடுவார். வீட்டிலும் அதே குணம்தான்; எதில் சுருக்கம் விழுந்தாலும் உடனே நீவிவிட வேண்டும். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே மேலே ஏற்றி இறக்கியவர், குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். கீழ்வீட்டில் இருந்த நான் அதைச் சொல்லிச் சிரிக்காத நாளில்லை.

அண்ணனின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். காய்கறியைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். "அதுல இருக்கறது அவர் உடம்புல ஏறக் கூடாதும்மா" என்றாள் நர்ஸ். எது என்று சொல்லவில்லை. சொல்லியும் எங்கள் காதில் ஏறாமல் போயிருக்கலாம். காய்கறியில் ஆகாதது வேறென்ன, பூச்சிமருந்துதானே? நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நினைத்தோம்.

சட்டியைச் சாய்க்கும்போதெல்லாம் அண்ணி திட்டுவார். "மருந்தா அடிச்சுக் கெடுத்து வச்சிருக்கானுங்க. சத்து பூரா சாக்கடைக்குப் போகுது." அண்ணன் சக்கையை மென்றபடி, "உப்புமில்ல, சப்புமில்ல. உன் பேச்சு மாதிரியே இருக்கு" என்பார். ஆள் துரும்பாக இளைத்துக்கொண்டே போனார். அதைத்தான் அண்ணியால் பொறுக்க முடியவில்லை.

அப்போது சலவைக்கூடத்துக்கு எதிரே இயற்கைக் காய்கறிக் கடை ஒன்று திறந்தார்கள். கடைக்காரர் மொட்டைத்தலை, அதிர்ந்து பேசாதவர். மருந்தே படாத கீரை, தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் யானை விலை, குதிரை விலை. அண்ணி ஞாயிற்றுக்கிழமையும் இஸ்திரிக்குப் போக ஆரம்பித்தார். கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் இல்லை. தோட்டம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கடைக்காரர் சொன்னதில் பொய்யே இல்லை.

மருந்தில்லாத காயை எதற்கு வடிக்க வேண்டும்? கீரையையும் தக்காளியையும் வேகவைத்து, ஒரு சொட்டு விடாமல் சூப்பாக்கிக் கொடுத்தார் அண்ணி. தண்ணீர் கூடிவிடக் கூடாதென்று, குடிக்கிற தண்ணீரில் அந்த அளவைக் குறைத்தும் வைத்தார். அண்ணன் கிண்ணத்தை நக்காத குறைதான். "இன்னிக்குத்தான்டி சாப்பிட்ட மாதிரி இருக்கு." அண்ணி முகம் மலர்ந்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

அந்த வாரக் கடைசியில் அண்ணன் படிக்கட்டில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். கால் எழவில்லை. நெஞ்சு விட்டுவிட்டுத் துடித்தது. தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தில் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். காய்கறியிலேயே இருக்கிற சத்து அது. நல்ல சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும், இவருடையதால் முடியாது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இதயமே நின்றிருக்கும். வடிக்கச் சொன்னது அதற்காகத்தான். இயற்கைக் காயிலும் அது இருக்கும். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. இதை முதலிலேயே புரியும்படி சொல்லியிருந்தால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

கண் திறந்ததும் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவகிட்ட சொல்லிடாதடா. தாங்க மாட்டா."

"சொல்லலன்னா மறுபடி சூப் வைப்பாங்களே?"

என்னை இன்னும் கிட்டே இழுத்தார். "கடைக்காரன் ஏமாத்திட்டான், காயில மருந்து இருந்துச்சுன்னு சொல்லு. தானா வடிப்பா."

அப்படியே சொன்னேன். அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார். "அப்படியா?" என்றார், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து சந்தைக் காய், பழையபடி வடிப்பு. அவர் சட்டியைச் சாய்க்கும்போது அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். அந்த நாட்களில் அவருக்கு இருந்த ஒரே பெருமை அதுதான்.

ஆனால் இதயம் பழையபடி தேறவில்லை. மழைக்காலம் முடிவதற்குள், டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்தபடியே போய்விட்டார்.

வந்தவர்கள் எல்லோரும் கலைந்துபோன பிறகு ஒரு மாலையில், அந்தக் கடைக்காரர் ஒரு பை காய்கறியோடு மூன்று மாடியும் ஏறி வந்தார். அண்ணி என்ன கத்தப்போகிறாரோ என்று வாசலிலேயே நின்றேன். அவரோ கடைக்காரரை உட்காரவைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கடைக்காரர் இறங்கிப் போனதும் கேட்டேன். "அவர் மேல உங்களுக்குக் கோபம் இல்லையா அண்ணி?"

"அந்த மனுஷன் என்ன தப்பு பண்ணார்? அவரைத் தூக்கிட்டு ஓடினோமே, அன்னிக்கே நர்ஸ் எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டா தம்பி."

"அப்புறம் ஏன் அண்ணன்கிட்ட ஒண்ணும் தெரியாத மாதிரியே..."

அண்ணி பையிலிருந்த கீரையை எடுத்து மேசைமேல் பரப்பினார்.

"என்னைக் காப்பாத்திட்டோம்னு அவருக்கு ஒரு சந்தோஷம். நான்தான் எல்லாத்துலயும் சாரத்தை எடுத்துட்டுச் சக்கையைக் கொடுத்தேனே. அந்த ஒண்ணையும் வடிச்சுக் கொட்டச் சொல்றியா?"