கிழித்த தாள்களையும் சேர்த்து நாற்பது தோட்டம்

“...அதுக்கில்லண்ணே, பாதித் தோட்டத்துக்கு விலை பேச வந்த ஆள இன்னைக்குத்தேன் பாக்குறேன். பாதித் தாலி கட்டுனவுக எங்கனயாச்சும் இருக்காகளா?” என்றார் பேச்சியம்மாள்.

காமயகவுண்டன்பட்டியில் அவருக்கு ஒரு ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல். நான் திராட்சை வியாபாரி. காய் நிலையிலேயே தோட்டத்தை மொத்தமாக விலை பேசி, பழுத்ததும் வெட்டிக் கேரளாவுக்கு வண்டி ஏற்றுவது என் தொழில். அன்றைக்கு என் கையில் மிச்சம் இருந்தது ஒன்றரை லட்சம். அதுவும் போனால் கம்பத்து மண்டியில் பெட்டி தூக்கத்தான் திரும்பிப் போக வேண்டும். அங்கிருந்து மேலேறி வந்தவன் நான். ஏறிய படி எத்தனை என்று எனக்குத் தெரியும்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டு லட்சத்துக்குத் தோட்டம் பேசினால் இரண்டு லட்சமும் கையில் வேண்டாம். அச்சாரம் கொடுத்தால் போதும், மீதியை வெட்ட வெட்டக் கட்டலாம். அதனால் சின்னக் கையும் பெரிய தோட்டம் எடுக்கும். ஆனால் மழையில் பழம் வெடித்தாலும், விலை சரிந்தாலும் பேசிய பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். மேகமலைப் பக்கம் வானம் கறுத்தால் கீழே நாங்கள் வெட்ட ஆள் தேடி ஓடுவோம்.

அப்படித்தான் அடுத்தடுத்து இரண்டு தோட்டத்தில் மழை பெய்து இன்னொரு ஒன்றரை லட்சத்தை விட்டிருந்தேன். ‘விட்ட எடத்துலதேன் பிடிக்கணும்’ என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். நானும் ஒரு பெரிய தோட்டமாகப் பார்த்து மொத்தத்தையும் இறக்கிவிட இருந்தேன்.

அந்த வாரம் செல்போனுக்குக் கண்ணாடி மாற்ற ஜெரோம் கடைக்குப் போனேன். ஜெரோம் எங்கள் தெருக்காரர், நாற்பது வயது. பெங்களூரில் பல வருடம் கம்ப்யூட்டரில் போக்கர் என்ற சீட்டாட்டம் ஆடியே வாடகை கட்டிக் குடும்பம் நடத்தியவர். பணம் கட்டி ஆடுவதற்குத் தடை வந்த பிறகு ஊருக்கு வந்து கடை போட்டிருந்தார். ஊரில் அவருக்குச் ‘சீட்டாடி’ என்று பெயர்.

என் கதையைக் கேட்டுவிட்டு, “மழை இன்னும் ரெண்டு வாட்டி பேஞ்சா தாங்குவீகளாண்ணே?” என்றார்.

“அது யாருக்குத் தெரியும்?”

“தெரியாம ஒக்காந்தா அதுதேன் சூதாட்டம்.”

“ஏலே, சீட்டாடி எனக்குத் தொழில் சொல்லித் தாறியா?”

“சொல்லித் தரலண்ணே, கேக்குறேன். நோட்டு வச்சிருக்கீகளா?”

வைத்திருந்தேன். தோட்டத்துக்கு ஒரு தாள். கூட்டிப் பார்த்தால் தோட்டத்துக்குச் சராசரி முப்பதாயிரம் லாபம். எனக்கே பெருமையாக இருந்தது. ஜெரோம் நோட்டின் நடுமடிப்பை விரலால் தடவினார். “இங்கன தாள் கிழிஞ்சிருக்கே. இங்கனயும்.”

நட்டப்பட்ட தோட்டத்தின் தாளைக் கிழித்து வாய்க்காலில் விட்டுவிடுவது எங்களில் பலருக்கு வழக்கம். நட்டத்தை வீட்டுக்குள் வைத்தால் அது குட்டி போடும் என்பார்கள். இதைச் சொன்னதும் ஜெரோம் சிரித்துவிட்டார். “சீட்டுலயும் இப்படி ஆளுக உண்டு. ஜெயிச்ச ஆட்டம் மட்டுந்தேன் ஞாபகம் இருக்கும்.”

எண்ணினோம். பதினாலு தாள் போயிருந்தது. பழைய வண்டி வாடகை ரசீதுகளை வைத்தும் டிரைவர்களைக் கேட்டும் மூன்று நாளில் பதினாலையும் திருப்பி எழுதினேன். ஒவ்வொன்றையும் எழுதும்போது பல்லைப் பிடுங்கியது போல் இருந்தது. மொத்தம் நாற்பது தோட்டம். சராசரி லாபம் முப்பதாயிரத்திலிருந்து எட்டாயிரத்துக்கு இறங்கியது. அந்த எட்டைச் சுற்றி ஏறி இறங்குகிற அளவு, ‘ஸ்டாண்டர்ட் டீவியேஷன்’ என்றார் ஜெரோம், நாற்பதாயிரம்.

சீட்டாட்டத்தில் எவ்வளவு பணத்தோடு உட்காருவது என்று பார்க்கிற கணக்கை எனக்குப் போட்டுக் காட்டினார். ஆயிரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நாற்பதை நாற்பதால் பெருக்கினால் ஆயிரத்து அறுநூறு. லாபம் எட்டால் வகுத்தால் இருநூறு. அதில் பாதி நூறு. மூன்றால் பெருக்கினால் முந்நூறு. அதாவது மூன்று லட்சம். அவ்வளவு இருந்தால் மொத்தமும் அழிந்துபோகிற வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துதான்; மூன்றால் பெருக்குவது அதற்காகத்தான்.

“எங்கிட்ட ஒன்றரைதேன் இருக்கு.”

“அப்ப நூத்துக்கு இருபத்திரண்டு. தோட்டம் நல்லாத்தேன் இருக்கும். நீங்க இருக்க மாட்டீக.”

பிறகு அவரே தாளைத் திருப்பி எழுதினார். ஒவ்வொரு தோட்டத்திலும் பாதிப் பங்கு மட்டும் எடுத்தால் லாபம் நான்கு, ஏற்ற இறக்கம் இருபது. இருபதை இருபதால் பெருக்கி, நான்கால் வகுத்து, பாதியாக்கி, மூன்றால் பெருக்கினேன். நூற்றைம்பது வந்தது. என் ஒன்றரை லட்சம். தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று இரண்டு தடவை போட்டேன்.

பாதிப் பங்கு எங்கள் தொழிலில் கௌரவக் குறைச்சல். ‘அரைக்கை’ என்பார்கள். அந்தக் கூச்சத்தோடுதான் பேச்சியம்மாள் முன் நின்றேன்.

“ரெண்டு வியாபாரி வந்து வெட்டுனா எம் பந்தலு தாங்காதுண்ணே,” என்றார் அவர். “ஒருத்தரு இன்னைக்கும்பாரு, ஒருத்தரு நாளைக்கும்பாரு. இருந்தாப்புல பாதிக்கு ஏன் வந்தீக?”

மறைக்காமல் சொன்னேன். கிழித்த தாள்களையும் சேர்த்துச் சொன்னேன்.

“நாப்பதுல பதினாலு தோத்தீகளா?”

“ஆமாத்தா.”

“எம்புட்டோ வியாபாரி வந்தாக. ஒருத்தரும் தோத்த கதை சொன்னதில்ல.” தொங்கிய ஒரு குலையைக் கையில் ஏந்திப் பார்த்தார். “மீதிப் பாதிய நானே வச்சுக்கிட்டா?”

“வெட்டி ஏத்துறது எம் பொறுப்பு. வித்தது பாதி ஒனக்கு. ஆனா மழை பேஞ்சா ஒனக்கும் அடிதேன், அதையும் கேட்டுக்க.”

“மழை எனக்குப் புதுசா?”

இளைய வியாபாரிகளுக்கு நான் சொல்வது இதுதான். எவ்வளவு லாபம் வரும் என்று கேட்கும்போதே அது எவ்வளவு ஆடும் என்றும் கேளுங்கள். கையிலிருப்பது அந்த ஆட்டத்தைத் தாங்காவிட்டால் பங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். தோற்ற தாளைக் கிழிக்காதீர்கள்.

பாதிக்கான அச்சாரம் பத்தாயிரத்தை நீட்டினேன். பேச்சியம்மாள் வாங்கி மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்குள் போனார். வரும்போது சணலால் கட்டிய தினக் காலண்டர் தாள்கள் ஒரு கட்டு கையில் இருந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் பழத்தை என்ன விலைக்கு விட்டார், வாங்கியவர் அதை என்ன விலைக்கு விற்றார் என்று தாள்களின் பின்பக்கம் எழுதியிருந்தது. பந்தலடியில் சாக்கை விரித்து உட்கார்ந்தார். முதல் தாளை என் பக்கம் திருப்பி வைத்து, “எம் பாதிக்கும் அந்தக் கணக்கப் போட்டுக் காட்டுங்கண்ணே,” என்று பேனாவின் மூடியைக் கழற்றினார்.