தொடாத பதினெட்டுக் கேள்விகள்

மலாவி நாட்டுப் பிளாண்டயரில் நர்சிங் நுழைவுத் தேர்வைத் திருத்துவது ஆளல்ல, தியாமிகே எழுதிய கணினி நிரல். சுற்றிச் சுற்றி எண்ணும் நீளமான நிரல்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. சரியான விடைகள் அறுபது எழுத்துகளாக ஒரு சரம். மாணவி எழுதியவை இன்னொரு சரம். இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஜோடி சேர்ப்பாள், பொருந்தாத ஜோடிகளைச் சலித்தெடுப்பாள், எண்ணி அறுபதில் கழிப்பாள். மூன்றே வரி. அதில் அவளுக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

தங்கை தலாந்திரா ஐம்பத்தாறு மார்க் வாங்கித் தேறினாள். அம்மா சோளக்களி கிளறி, சம்போ மீன் பொரித்து, தெருவுக்கே விருந்து வைத்தாள்.

"கடைசிப் பதினெட்டுக் கேள்விய நான் தொடவே இல்லக்கா. அதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க. அப்படியும் பாரு, எம்புட்டு மார்க்குன்னு!" என்று சிரித்தாள் தலாந்திரா.

தியாமிகே கையிலெடுத்த களியைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். ஒரு சரம் குட்டையாக இருந்தால் அது முடிகிற இடத்தோடு ஜோடி சேர்ப்பதும் நின்றுவிடும். எழுதாத பதினெட்டுக்கு ஜோடியே இல்லை. ஜோடி இல்லையென்றால் தவறும் இல்லை. பாவி, இது தோன்றாமல் போயிற்றே! தங்கையின் உண்மையான மார்க் முப்பத்தெட்டு. தேற நாற்பத்தைந்து வேண்டும்.

மறுநாள் நிரலைச் சரிசெய்து ஓட்டினாள். தேறியவர்களில் பதினோரு பேர் விழுந்தார்கள், நாற்பத்தைந்தைத் தாண்டியும் இடம் நிரம்பியதால் வெளியே நின்ற வேறு பதினோரு பேர் உள்ளே வந்தார்கள். மேலதிகாரி கலுவாவிடம் காட்டினாள்.

"பட்டியல் ஒட்டியாச்சும்மா. உன் தங்கச்சி பேரும் அதுல இருக்கு. வாயத் தொறந்தா, வேலியே பயிர மேஞ்சிடுச்சின்னு உன்னத்தான் சொல்வாங்க. பேசாம இரு."

பேசினால் திருடி என்ற பேர். தங்கையின் படிப்பும் போகும். பேசாவிட்டால் பதினோரு பெண்களின் வாழ்க்கை போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். வேறு யாராவது கண்டுபிடித்துத் தொலைக்க மாட்டார்களா என்றுகூட ஏங்கினாள். நான்கு நாள் இரண்டு பட்டியலையும் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். ஐந்தாம் நாள் அவற்றைத் தன் பெயரிலேயே தேர்வு வாரியத்துக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

தலாந்திரா தையல்காரரிடமிருந்து வந்த வெள்ளைச் சீருடையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றிருந்தாள்.

"முதுகுப் பட்டன போட்டு விடுக்கா."

ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். கடைசிப் பட்டனையும் போட்ட பிறகுதான் சொன்னாள்.

"தலா, நீ எழுதாத பதினெட்டையும் சரின்னு எண்ணினது என் தப்பு. நீ தேறலடி."

தங்கை கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தாள். "யாருக்கும் தெரியாதுல்ல?"

"நானே எழுதி அனுப்பிட்டேன்."

"அப்ப கழட்டி விடு," என்றாள் தலாந்திரா. "எனக்குக் கை எட்டாது."